பச்சை மூடி

கோகிலவாணிக்குப் பொய்யே சொல்ல வராது என்று, அவளைக் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி வீட்டாரிடம் அவள் அப்பா பெருமையடித்துக்கொண்டார். பாவம் மனுஷர், போய்ச்சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். கடந்த நாலு வருஷத்தில் நாமக்கல் வட்டாரத்தில் வாணி சொன்ன பொய்ச்சாவுகள் முந்நூறைத் தாண்டும். எத்தனை பேருடைய புருஷன்மாரை வண்டியோடு கவிழ்த்திருக்கிறாள், எத்தனை அண்ணன் தம்பிகளுக்கு மாரடைப்பு வரவழைத்திருக்கிறாள்! அத்தனை பேரும் அரைமணி நேரத்தில் பிழைத்துக்கொள்வார்கள். அந்த அரைமணி நேரத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

நியமனக் கடிதத்தில் வேலையின் பெயர் 'தூண்டல் பணியாளர்' என்று இருந்தது. ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? 'எழவுக்காரி' என்றார்கள். முகத்துக்கு நேராகப் பேசும்போது கொஞ்சம் மரியாதை சேர்த்து 'எழவுக்கா'.

முட்டைத் தொழில் படுத்த பிறகு சும்மா கிடந்த கோழிக்கொட்டகைகளை ஒரு கம்பெனி வளைத்துப் போட்டிருந்தது. கூண்டுகள் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தசை மிதக்கும். நோயாளியின் தோலில் கிள்ளி எடுத்த செல்களை இதயத்துச் செல்களாக மாற்றி, வளர்த்து, நைந்துபோன அதே ஆளின் இதயத்தில் ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். தசை முற்ற நாற்பத்தெட்டு நாள் ஆகும். சரியாக ஒரு மண்டலம் என்று ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் பழைய கோழிப்பண்ணை ஆட்கள், அதனால் பேச்சு மாறவில்லை. கொட்டகைக்குத் தசைப்பண்ணை என்று பேர் வந்தது. தசைக்கு ஊற்றுகிற மனித ரத்தநீருக்குத் தீவனம் என்று பேர்.

அந்தத் தீவனத்தில்தான் சங்கதியே இருந்தது. நாலு வருஷம் வேலை பார்த்தும் வாணி அதைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. சொந்தப் புருஷனின் தசை பதினேழாம் தொட்டியில் மிதக்க ஆரம்பித்த அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது. மனுஷ புத்தி அப்படித்தான்.

அவள் புருஷன் பூவரசன் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அவன் இதயத் தசையைத் தின்றுவிட்டது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு எட்டு. நடுவில் இரண்டு தடவை நின்று சுவரைப் பிடித்துக்கொள்வான். ஒட்டு இல்லாவிட்டால் மழைக்காலம் தாண்டாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏனுங் டாக்டர், பயந்தவிங்க ரத்தந்தான் வேணுமா?" என்று பண்ணையின் டாக்டர் இளம்பிறையிடம் கேட்டாள் வாணி. "பயத்துல சுரக்கறதைப் பாட்டில்ல வாங்கி ஊத்துனா ஆகாதா?"

"ஊத்திப் பார்த்தாச்சு வாணி. தசை வீங்குது, வளர மாட்டேங்குது." டாக்டர் தொட்டியின் வெளிச்சத்தைக் குறைத்தார். "ஒரு கெட்ட சேதி வந்தா ரத்தத்துல அட்ரினலின், கார்ட்டிசால் எல்லாம் ஏறுது. இதயத் தசைக்கு அது ஒரு உத்தரவு. பெரிய வேலை வரப்போகுது, புரதம் பண்ணுன்னு. அதுவும் அவசர அவசரமா புரதத்தைச் செஞ்சு குவிக்கும். வீடு கட்டற எடத்துல லோடு லோடா செங்கல் இறங்கற மாதிரி வெச்சுக்குங்க. செங்கல் இறங்கிட்டா சுவராயிடுமா?"

"அடுக்கோணும்."

"அடுக்கறது பயம் தணியறப்பதான் நடக்குது. அப்பாடான்னு ஒரு மூச்சு விடறோமில்ல, அந்த நேரத்துல ரத்தத்துல என்னென்னவோ மாறுது. அதுல பாதிக்கு இன்னும் யாரும் பேரே வைக்கலை. அதைப் பாட்டில்ல அடைக்கவும் தெரியலை."

"அதுக்குத்தான் ரெண்டு குழாயா?"

"அதுக்குத்தான். சிவப்பு மூடி பயம், பச்சை மூடி நிம்மதி. வெறும் சிவப்பை ஊத்தினா தசை தடிச்சு விறைச்சுத் தோல் மாதிரி ஆயிடும். வருஷக்கணக்கா கவலையிலயே இருக்கறவங்க இதயம் ஆகுதே, அதே கதை."

வேலை நடக்கிற விதம் இதுதான். காசுக்குத் தீவனம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் வீட்டுக்கு, என்றைக்கு என்று சொல்லாமல், எழவுக்காரி போவாள். வாய் கூசாமல் ஒரு சாவைச் சொல்வாள். பொய்யாகத்தான் இருக்கும் என்று எதிராளிக்கும் தெரியும். ஆனால் மனசு யோசிப்பதற்குள் ரத்தம் நம்பித் தொலைத்துவிடும். கால்மணி நேரத்துக்குள் சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்ததும் "செய்தி முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். பண்ணையில் அதற்குப் பெயரே 'வார்த்தை'. அதைச் சொன்னால் செத்தவர் பிழைத்தார் என்று அர்த்தம். இருபது நிமிஷம் கழித்துப் பச்சை மூடி. ஒரு தொட்டிக்கு ஆறு தீவனம். ஆறும் ஒரே ஆளிடமிருந்து வர வேண்டும், நடுவில் ஆளை மாற்றினால் தசை கிழிந்துவிடும்.

ஊருக்கு இதனால் வந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. கெட்ட சேதியை எவரும் நம்புவதில்லை என்றாகிவிட்டது. பரமத்தியில் ஒருவர், அம்மா இறந்துவிட்டாள் என்று போன் வந்ததும் சிரித்துவிட்டுத் தறியை ஓட்டப் போய்விட்டார். கொள்ளி வைக்கக்கூட வரவில்லை. அதற்குப் பிறகுதான், யார் தொடங்கியது என்று தெரியாமல், ஒரு வழக்கம் வந்தது. உண்மையான சாவைச் சொல்லப் போகிறவர் வாசலில் நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார். பெட்டி இல்லை, ஊசி இல்லை, இது பண்ணைச் செய்தி இல்லை என்று அதற்குப் பொருள். அரசாங்கம் சட்டம் எதுவும் போடவில்லை. ஆனாலும் வெறுங்கை காட்டிப் பொய் சொன்ன ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. எழவுக்காரிகளும் அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்ததில்லை. காய்கறிப் பையோ குடையோ எதையாவது கையில் வைத்துக்கொண்டுதான் போவார்கள்.

பதினேழாம் தொட்டிக்குப் பொருந்திய ரத்தம் ஒரே ஒருத்தியுடையது. மோகனூர் ரோட்டில் மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் மிதுனா. புருஷன் நவநீதன் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். லாரிக்காரர் பெண்டாட்டிகளுக்குப் பண்ணையில் தனிக் கிராக்கி உண்டு. போன் அடித்தாலே திக்கென்று ஆகிற பிறவிகள், அதனால் ஏற்றமும் இறக்கமும் சுத்தமாக இருக்கும். சொந்தக்காரர் தொட்டிக்கு எழவுக்காரி செய்தி சொல்லப் போகக் கூடாது என்பது பண்ணை விதி. வாணியை விட்டால் மிதுனாவை அழவைக்க ஆள் கிடையாது என்பதால் டாக்டர் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். யாருக்காகத் தீவனம் கொடுக்கிறோம் என்று மிதுனாவுக்குத் தெரியாது.

நாலு தடவை நன்றாக நடந்தது. ஐந்தாவது தடவை வாணி படியேறும்போதே மிதுனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். கையில் முருங்கைக்காய்க் கட்டு இருந்தது. "அவர் வண்டி தீப்பிடிச்சிருச்சு மிதுனா" என்று வாணி விம்மியபோது, "காயி எங்க வாங்குனீங்க்கா, பிஞ்சா இருக்குதே" என்றாள்.

சிவப்புக் குழாய் சப்பென்று இருந்தது. டாக்டர் அறிக்கையை மேசையில் போட்டார்.

"இன்னும் ஒரு தீவனந்தான் பாக்கி வாணி. நாப்பத்தாறாம் நாளுக்குள்ள அது வரணும், வந்து அது நல்லாவும் இருக்கணும். இல்லைன்னா தொட்டியைக் கழுவ வேண்டியதுதான்."

"மறுபடியும் முதல்ல இருந்து போடலாமுங்ளா?"

"போடலாம். அவருக்கு அத்தனை நாள் இருக்கா?" டாக்டர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார். "ஒரு வழி இருக்கு. நீங்க கையை விரிச்சுக் காட்டினா அவங்க நம்புவாங்க."

வாணி கோபத்தில் எழுந்த வேகத்துக்கு நாற்காலி பின்னால் சாய்ந்தது. "அது மட்டும் என்னால ஆகாதுங். நான் பொய் சொல்லிப் பொழைக்கறவதான். அதுக்குன்னு ஊருக்குள்ள மிச்சம் இருக்கற ஒரே நெசத்தையும் கெடுக்கச் சொல்றீங்ளா?"

"கெடுக்க வேண்டாம். சும்மா சொன்னேன்" என்றார் டாக்டர். அவர் சும்மா எதையும் சொல்கிறவர் இல்லை.

நாற்பத்தாறாம் நாள் காலை. வாணி சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பும்போது பூவரசன் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டான்.

"இன்னைக்கு எனக்காக யாரு புருஷன் சாகறான்?"

"கொழுப்பெடுத்த பேச்சுப் பேசாதீங்."

"இல்ல வாணி, கேக்கறன். அந்தப் புள்ளைய அத்தனை தடவை அழுவ உட்டு, அதுல எனக்கு நெஞ்சு வளக்கறீங்களே. நான் எந்திரிச்சு நடந்தா, அந்தப் புள்ள மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"முதல்ல எந்திரிச்சு நடங்க. அப்பறம் முழிக்கறதைப் பத்திப் பேசலாம்."

அவன் சிரிக்கப் போய் மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தவனின் முதுகெலும்பு சட்டைக்கு மேலே வரிசையாகத் தெரிந்தது. வாணி அவன் முதுகைத் தடவிக்கொண்டே, இன்றைக்கு என்ன பொய்யைச் சொல்வது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. எல்லாப் பொய்யும் தீர்ந்துபோயிருந்தது.

பதினோரு மணிக்கு அவள் ஸ்கூட்டரைப் பண்ணை வாசலில் நிறுத்தும்போது போன் அடித்தது. லாரி ஆபீஸ் ரத்தினவேல். பொய் பொருத்தமாக இருக்க வேண்டுமே, அதற்காக எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவள் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வாள். இன்றைக்கு அவரே கூப்பிட்டார், அதுவும் வீடியோவில்.

"வாணீ, நவநீதன் போயிட்டானுங். விடியக்காலம் நாலு மணிக்கு. நர்மதை பாலம் ஏர்றதுக்கு முன்னால எதுத்தாப்புல டேங்கர் வந்து ஏறிருச்சு."

"என்கிட்டயேவாண்ணா?" என்றாள் வாணி. தொழில் புத்தி.

ரத்தினவேல் போனை எங்கேயோ சாய்த்து வைத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துத் திரைக்கு முன்னால் நீட்டினார். அறுபது வயசுக் கை, வெறுங்கை.

"நீங்க முன்னால போயிப் பக்குவமா சொல்லி வெய்ங்க. அவ மாமனாரு பரமத்தி வேலூர்ல இருக்கறாரு, அவரையும் நாலு பெரிய மனுசரையும் கூட்டிக்கிட்டு நான் ஒரு மணி நேரத்துல வந்தர்றன். எங்களுக்குச் சொல்லத் தெரியாதும்மா."

உள்ளதைச் சொல்ல வேண்டும். வாணியின் மனசில் முதலில் வந்து நின்றது நவநீதனின் முகமல்ல, மிதுனாவின் முகமுமல்ல. பதினேழாம் தொட்டி. அதை நினைத்த அடுத்த நொடி அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. 'சீ' என்று வாய்விட்டே சொன்னாள். செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். தீவனப் பெட்டி எப்போதும்போல ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். நேரமாகிறது என்று அப்படியே கிளம்பினாள்.

மிதுனா வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தன. முழங்கை வரை மாவோடு அவள் எட்டிப் பார்த்தாள்.

"வாங்க எழவுக்கா! போன வாரந்தான அவரைத் தீ வெச்சுக் கொளுத்துனீங்க. இன்னைக்கு என்ன, தண்ணியில தள்ளப் போறீங்ளா?"

வாணி ஸ்கூட்டரை நிறுத்தி, பெட்டியைத் தொடாமல், படியில் ஏறி நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள்.

மிதுனா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு வாணியின் தோளைப் பார்த்தாள், பை இல்லை. இடுப்பைப் பார்த்தாள், அங்கேயும் ஒன்றுமில்லை. ஒரு கிரைண்டரை நிறுத்தினாள். இன்னொன்றை நிறுத்த மறந்துவிட்டாள்.

"வண்டியாக்கா?"

"ஆமாம் கண்ணு."

"எங்க?"

"நர்மதை பாலத்துக்கு இந்தப் பக்கம். விடியக்காலம்."

அவள் அலறவில்லை. வாணி பார்த்த முந்நூறு பேரில் ஒருத்தி இப்படி இருந்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்தது, கழுத்து நரம்பு துடிதுடித்தது, கையிலிருந்து ஈரமாவு சொட்டியது.

"ராத்திரி பேசறப்பப் பசிக்குதுன்னாருக்கா. தாபா எதும் தெறந்திருக்கலைன்னாரு. சாப்பிட்டாரான்னு கேட்டீங்ளா?"

வாணி மிதுனாவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அணைத்தபோது அவள் கை, பழக்கத்தில், மிதுனாவின் மணிக்கட்டில் போய் நாடியைப் பிடித்தது. நாடி குதித்துக்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரம். சொல்லி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

எட்டாவது நிமிஷத்தில் அவள் எழுந்தாள். "தண்ணி கொண்டாறேன்" என்றாள். தண்ணீர்ப் பானை உள்ளே இருந்தது, அவள் வெளியே போனாள். ஸ்கூட்டர் டிக்கியைத் திறக்கும்போது தான் எதையும் முடிவு செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். எப்படியும் அவன் செத்துவிட்டான். இந்த ரத்தம் இப்போது வீணாகத்தான் போகிறது. இவள் அழுவதில் ஒரு உயிராவது பிழைக்கட்டுமே. எடுத்துவிட்டு உட்கார்ந்து கூடவே அழுவோம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு பெட்டியோடு படியேறினாள். பச்சை மூடி அவள் நினைவில் அப்போது இல்லை என்றால் அதை நான் நம்பமாட்டேன்.

மிதுனா தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அடப்பாவீ!"

ஸ்டூல் உருண்டது. மாவுக்கையோடு ஓடிவந்து வாணியின் தோளில் பட்டுப்பட்டென்று அடித்தாள். அழுதாள், சிரித்தாள், மறுபடி அடித்தாள். "வெறுங்கையக் காட்டிப் பொய் சொல்றீங்களே, நீங்க நல்லா இருப்பீங்ளா? பெட்டிய வண்டியிலயே வெச்சுட்டு வந்தீங்ளா? எப்படிக்கா மனசு வந்துது? கொன்னே போட்டீங்களே என்னைய!"

"மிதுனா, இல்ல, நான்..."

"பேசாதீங்க. எடுங்க முதல்ல. ஆறிப்போயிரும்னு நீங்கதான சொல்லுவீங்க." அவளே நைட்டியின் கையை மேலே ஏற்றி இடது கையை நீட்டினாள். வாணி சிவப்பு மூடியைத் திறந்தாள். ரத்தம் சீறிக்கொண்டு வந்தது.

பஞ்சை அழுத்திக்கொண்டு மிதுனா அவள் வாயையே பார்த்தாள். "சொல்லுங்க்கா. வார்த்தையச் சொன்னாத்தான எனக்கு மூச்சு வரும்."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போயிற்று. அது தாண்டிப் போகிறவரை வாணிக்கு அவகாசம் இருந்தது.

"செய்தி முடிஞ்சுது" என்றாள்.

மிதுனா கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள். அடுத்த இருபது நிமிஷம் வாணிக்கு ஆயுசுக்கும் மறக்காது. மிதுனா டீ வைத்தாள். புருஷன் வந்ததும் இதைச் சொல்லி வாணி அக்காளை அவர் வாயாலேயே திட்ட வைக்கப் போவதாகச் சொன்னாள். தீபாவளிக்கு அவர் வண்டியை விட்டுவிட்டு உள்ளூரிலேயே மாவு ஆட்டோ ஓட்டப் போகிறார் என்றாள். நடுவில் ஒருமுறை போன் போட்டுப் பார்த்தாள். சுவிட்ச் ஆப். "அந்தப் பக்கமெல்லாம் டவர் கெடைக்காதுங்க்கா" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். வாணி அந்த டீயைக் குடித்தாள். குடிக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் குடித்தாள். பச்சை மூடிக் குழாயும் நிறைந்தது.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாசலில் திரும்பினாள். மிதுனா இரண்டு கிரைண்டரையும் ஓடவிட்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் வாணி ஏதோ சொல்லத்தான் சொன்னாள். "என்னுங்க்கா?" என்று கேட்டுச் சிரித்தாள் மிதுனா. அந்தச் சிரிப்பைத் தாண்டி அவளால் சொல்ல முடியவில்லை. ரத்தினவேல் வந்துவிடுவார், அவர் சொல்லட்டும் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பண்ணையில் டாக்டர் இரண்டு குழாயையும் பரிசோதித்துவிட்டு வாணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு உசரம் ஏறி இவ்வளவு சுத்தமா இறங்கின ரத்தத்தை நான் பார்த்ததே இல்லை. என்ன பண்ணினீங்க?"

"நீங்க சொன்னதைத்தானுங்."

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. சாயங்காலம் தீவனம் ஊற்றி ஒரு மணி நேரத்தில் பதினேழாம் தொட்டித் தசை ஓரத்தில் சுருங்கியது. பிறகு நடுவில். பிறகு தானாகவே, ஒரே சீராக, துடிக்க ஆரம்பித்தது. தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தச் சமயத்தில் ரத்தினவேலின் போன் வந்தது.

"நீங்க போயி என்னம்மா சொல்லித் தொலைச்சீங்க? மத்தியானத்துல இருந்து நாங்க அத்தனை பேரும் வாசல்ல நின்னு கைய விரிக்கறோம், அந்தப் புள்ள விழுந்து விழுந்து சிரிக்குது. அக்கா வந்து முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போயாச்சு, உங்களையும் பண்ணையில சேத்துட்டாங்களான்னு கேக்குது. அவ மாமனாரு மண்ணுல உருளறாரு. அவரைப் பாத்து, மாமா இந்த வயசுல உங்களுக்கு இந்த வேசம் வேணுமாங்குது."

வாணி அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. போவதற்குக் காரணம் தேடியதைவிடப் போகாமல் இருப்பதற்கே நிறையக் காரணம் தேடினாள். அதற்குள் மோகனூர் ரோடு முழுக்கச் செய்தி பரவியிருந்தது, எழவுக்காரி வெறுங்கை காட்டிப் பொய் சொன்னாள் என்று. ரத்தினவேல் உண்மையைச் சொல்லி அலைந்ததை யார் கேட்டார்கள்? வெறுங்கையைப் பற்றிய பேச்சுத்தான் ஊருக்குப் பிடித்திருந்தது. வள்ளிபுரத்தில் யாரோ ஒருவர் தங்கச்சி புருஷன் செத்ததைச் சொல்ல வெறுங்கையோடு போனபோது, "எழவுக்காரி காட்டுன கைதான?" என்று கதவைச் சாத்திவிட்டார்களாம்.

மூன்றாம் நாள் காலையில் பூவரசனுக்கு அறுவை சிகிச்சை. ஒட்டுப் பிடித்துவிட்டது, இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னாள். வாணி அவளிடம் மூன்று தடவை திரும்பத் திரும்ப நெசமா என்று கேட்டாள். நர்ஸின் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்த்தாள். ஒரு துண்டுச்சீட்டுத்தான் இருந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அப்போது ரத்தினவேல் மறுபடி கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஒரு மணி நேரமாக வாசலில் நிற்கிறது, மிதுனா எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் வராவிட்டால் நாங்கள் எடுத்துக்கொண்டு போய் எரித்துவிடுவோம், அவள் ஆயுசுக்கும் காத்துக்கிடப்பாள் என்றார்.

வாணி போனபோது தெருவே கூடி நின்றது. வழி மட்டும் விட்டார்கள். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நவநீதனின் அப்பா சுவரோரம் குந்தியிருந்தார், முழங்கால் நடுவே தலையைத் தொங்கப்போட்டு.

"ஒரு தடவை வந்து மூஞ்சியப் பாரு கண்ணு" என்றாள் வாணி.

"பாத்தனுங்க்கா, தூரத்துல இருந்து. அப்படியே அவராட்டத்தான் இருக்குது." மிதுனா மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். "தொட்டியில நெஞ்சு வளக்கறவிங்களுக்கு ஆளு வளக்கத் தெரியாதா என்ன?"

வாணி தரையில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் முதல்ல சொன்னது நெசம் மிதுனா. முடிஞ்சுதுன்னு சொன்னதுதான் பொய். என்ற புருஷனைக் காப்பாத்தறதுக்காக உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். பெட்டி பொய், வார்த்தை பொய். அவர் போயிட்டாரு. நெசமா போயிட்டாரு." சொல்லச் சொல்லக் குரல் உடைந்து, மூக்கில் ஒழுகி, அவள் கேவினாள். வெளியே நின்ற பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

மிதுனா கிரைண்டரை நிறுத்தினாள். காலடியில் கிடந்தவளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒருவித மரியாதைகூட இருந்தது.

"இன்னைக்கு ரொம்ப நல்லாப் பண்றீங்க்கா. உசுரே போறாப்புல இருக்குது."

கையைக் கழுவிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, இடது கையை வாணியின் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க. எடுத்துட்டு வெரசா வார்த்தையச் சொல்லி உடுங்க. மாமா பாவம், காலையில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கலை."